ஆகாயத்திலிருந்து ஒரு கோணி சாமந்தி

பிறர் எப்படிச் செத்தார்கள் என்று படித்துச் சம்பளம் வாங்கியவன் நான். போலீஸ்காரன் அல்ல. பெங்களூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நஷ்டஈட்டுப் பிரிவு உதவியாளன். லாரி, கார், ஸ்கூட்டர் எல்லாம் மற்றவர்களுக்கு. ஆங்கிலம் கொஞ்சம் நன்றாக வரும் என்ற குற்றத்துக்காக எனக்குச் சிறு விமானங்களின் ஃபைல். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகப் பறந்தவர்கள் சில மாதம் கழித்துக் காகிதமாக என் மேசையில் வந்து இறங்குவார்கள்.

'மேகம் திரண்டிருப்பது தெரிந்தும் கிளம்பினார்.' 'பெட்ரோல் போதும் என்று நினைத்தார்.' விசாரணை அதிகாரிகள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் மாட்டேன். ஓரத்தில் பென்சிலால் என் தீர்ப்பையும் எழுதுவேன். 'மேகத்துக்கு இவர் யாரென்று தெரியவில்லை போலும்.' 'பெட்ரோல், நினைத்தால் ஊறாது.'

பிரிவுத் தலைவி சாவித்திரி மேடம் ஒருமுறை கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டார்: "ஏன்ரீ, இது ஃபைலா, வாரப் பத்திரிகையா? செத்தவங்க வந்து பதில் சொல்லமாட்டாங்கன்னு தைரியமா?"

நான் பணிவாகச் சிரித்தேன். (தைரியம் அதுதான்.)

என் தலைசிறந்த படைப்பு ஒன்று உண்டு. ஒருவர் மனைவியைத் திறந்த இரட்டை இருக்கை விமானத்தில் ஏற்றிப் போனார். விமானத்தைத் தள்ளும் விசிறி பின்பக்கம். அந்த அம்மாளின் கழுத்துத் துணி பறந்து விசிறியில் சிக்கியது. இருவரும் பிழைக்கவில்லை. ஓரத்தில் எழுதினேன்: 'பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்பட்டார்கள்.' பெருமை தாங்காமல் அன்றிரவு சாப்பாட்டில் மனைவி ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நகைச்சுவை உணர்வு இல்லாத குடும்பம் என்று முடிவு கட்டினேன்.

அந்தக் குடும்பத்தின் இன்னொரு பிரஜை ஸ்டான்லி, ஸ்டெல்லாவின் தம்பி. பொம்மசந்திராவில் நான்கு லேத் போட்டுத் தொழில் நடத்தினான். தொண்ணூறுகளின் கடைசியில் அவனுக்குக் கொஞ்சம் நல்ல காலம் வந்தது. நல்ல காலம் வந்தால் எங்கள் ஆஸ்டின் டவுனில் மற்றவர்கள் மாடி கட்டுவார்கள். இவன் பறக்கக் கற்றுக்கொண்டு, பாதி உயிரோடு இருந்த ஒரு மைக்ரோலைட் விமானத்தை வாங்கினான். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே பெரிய குடையைக் கட்டி, கீழே மூன்று சக்கரமும், முதுகுக்குப் பின்னால் ராட்சத மின்விசிறியும் பொருத்தினால் எப்படியிருக்கும், அதுதான். சந்தாபுராவைத் தாண்டி ஒரு பண்ணையின் மண் பாதையில் நிறுத்தி வைத்திருந்தான்.

பக்கத்துக் குடியிருப்பில் அவனுடைய லேத் ஆட்கள் கும்பிடும் சின்ன மாதா கோயில். செப்டம்பரில் திருவிழா, தேர் பவனி. தேர் மேல் ஆகாயத்திலிருந்து பூமாரி பொழிவதாக ஸ்டான்லி ஃபாதரிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். ஃபாதர் அதைப் பூசையிலேயே அறிவித்துவிட்டார். அனுமதி வாங்கினாயா என்று கேட்டேன். "மாதாவுக்குப் பூப் போட யார்கிட்ட மாமா கேக்கணும்?" என்றான். பதில் பக்திகரமாக இருந்ததால் மேலே கேட்கவில்லை.

பூப் போட ஓர் ஆள் வேண்டும். குடும்பத்தில் விமானம் பற்றி அறிந்தவன் நான் ஒருவன்தான்.

திருவிழாவன்று மாலை நான்கு மணிக்கு மேற்கே மேகம் கறுத்திருந்தது. காற்றுத் திசை காட்டும் துணிப்பை ஒரு திசையில் நிற்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் நாகராஜ் அதையே பார்த்தபடி சொன்னார்: "பேடா சார், வேணாம். இந்த வண்டி காலைல பறக்கறது. சாயங்காலக் காத்து இதுக்கு ஆகாது."

"தேர் காலைல வராதே நாகராஜ்," என்றான் ஸ்டான்லி.

"அப்போ பூவ நடந்து போய்ப் போடுங்க."

"பூசைல அறிவிச்சாச்சுப்பா! ஆஸ்டின் டவுன்லேருந்து வேன் வெச்சு வந்திருக்காங்க. அக்கா தேர் பக்கத்துல நிக்குது. இப்போ போய் காத்துன்னு சொன்னா, லேத்ல எவன் என்னை மதிப்பான்?"

இதே வாக்கியத்தை, ஊர் பெயர் மட்டும் மாற்றி, என் ஃபைலில் ஒன்பது தடவையாவது படித்திருப்பேன். ஒன்பது தடவையும் பென்சிலைக் கூர் சீவியிருக்கிறேன். இப்போதோ, 'பாவம், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது' என்று தோன்றியது.

"உங்க வெயிட்டு எவ்ளோ சார்?" என்று நாகராஜ் என்னிடம் திரும்பினார்.

"அறுபத்தெட்டு."

(பொய்யில்லை. கல்யாணத்தன்று அதுதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.)

மடியில் பன்னிரண்டு கிலோ சாமந்தி. வாடாமலிருக்கப் பூக்காரம்மா பாசத்தோடு தண்ணீர் ஊற்றி நனைத்த கோணி. வண்டி மண் பாதையின் கடைசி அடி வரை ஓடியும் எழ மனமில்லாமல், பிறகு ஏதோ என் முகத்துக்காகச் சம்மதித்ததுபோல் எழுந்தது. பாதை முடிவிலிருந்த யூகலிப்டஸ் மரத்தின் இலை ஒன்று என் செருப்பில் ஒட்டிக்கொண்டது.

கீழே தேர் வந்தது. வண்ணக் குடைகள், பேண்டு வாத்தியம், அண்ணாந்த முகங்கள். அதில் பச்சைப் புடவை ஸ்டெல்லா. "போடுங்க மாமா!" என்று ஸ்டான்லி கத்தினான். ஒரு கை அள்ளி வீசினேன். பூ கீழே போகவில்லை. காற்று அதைப் பிடுங்கி நேரே பின்னுக்குக் கொண்டுபோனது. என் முதுகுக்குப் பின்னால், மிக்ஸியில் கரண்டி விழுந்தாற்போல் ஒரு கரகரப்பு. தேர் மேல் மஞ்சள் சட்னி தூவியது. ஜனம் ஆரவாரித்தது.

அந்தக் கணத்தில் எனக்குக் கழுத்துத் துணி ஞாபகம் வந்தது. தெளிவாகவே வந்தது. பக்க எண் உட்பட. வந்ததும் எனக்குள்ளிருந்த நிபுணன் வாதாடினான்: 'அது துணி. இது பூ. பூ என்ன செய்யும்?'

ஸ்டான்லி இரண்டாவது சுற்றுக்குத் திரும்பினான். இந்தத் தடவை ஜனத்துக்குக் குறை வைக்கக் கூடாதென்று கோணியையே கவிழ்த்தேன். கோணியும் துணிதான் என்பது, அது என் கையை விட்டுப் போன பிறகுதான் உறைத்தது.

வெடிச் சத்தம். கட்டில் முழுவதும் பல் கிட்டியதுபோல் நடுங்கியது. ஸ்டான்லி எஞ்சினை அணைத்தான். திடீர் அமைதியில் கீழே பேண்டு வாசிப்பது அழகாகக் கேட்டது.

"மாமா."

"ம்."

"பயப்படாதீங்க."

அப்படிச் சொல்பவன் குரல் அப்படி இருக்கக் கூடாது. அவன் 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்தான். நானும் சேர்ந்துகொண்டேன். பாதிக்கு மேல் இருவருக்கும் மறந்துபோயிற்று. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். கேழ்வரகு வயல் எங்களை நோக்கி எழும்பி வந்தது.

கண்விழித்தபோது உலகம் தலைகீழாக இருந்தது. நான்தான் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். ஸ்டான்லிக்குக் கழுத்தெலும்பு முறிந்திருந்தது. எனக்குக் கணுக்கால். மொபெட்டை வரப்பில் போட்டுவிட்டு ஓடிவந்த நாகராஜ், 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. பெல்ட்டை அறுத்து என்னைத் தோளில் தாங்கினார், இரண்டு அடி தள்ளாடினார், மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"அறுபத்தெட்டா சார்?"

ஸ்டெல்லா செருப்பில்லாமல் வயலைக் கடந்து ஓடி வந்தாள். முறிந்த எலும்பென்றும் பாராமல் தம்பியை ஓர் அறை அறைந்தாள். பிறகு என் சட்டை நுனியைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை விடவில்லை. அதன்பின் நான்கு நாள் பேசவுமில்லை.

மாவுக்கட்டோடு அலுவலகம் திரும்பியதும் ஃபைலை எடுத்து ரப்பரால் என் படைப்புகள் ஒவ்வொன்றையும் அழித்தேன். பொன்னாடையிடம் வந்தபோது பக்கத்து வரியில் அந்த அம்மாளின் வயது இருந்தது. முப்பத்திரண்டு. அந்த வருஷம் ஸ்டெல்லாவின் வயது. அத்தனை தடவை படித்தும் அந்த வரியைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஸ்டான்லியின் வண்டிக்கும் காப்பீடு எங்கள் அலுவலகத்தில்தான் என்பதால், எங்கள் விபத்தின் காகிதங்களும் அந்த ஃபைலில்தான் சேர்ந்தன. சொந்தக்காரன் விவகாரம் என்பதால் சாவித்திரி மேடம் பார்த்தார். திரும்பி வந்தபோது ஓரத்தில், அவருடைய முத்தான கையெழுத்தில், பென்சிலால் ஒரு வரி: 'பயணி இத்துறையில் விவரம் அறிந்தவர்.'

அதை மட்டும் நான் அழிக்கவில்லை.

ஸ்டான்லி அதன்பிறகு மாடி கட்டினான். தோள் இன்னும் லேசாக ஒரு பக்கம் சரிந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணமானாலும், மணமக்கள் மேல் தூவ என் கையில் பூவைக் கொடுத்த மறுகணம், கூட்டத்தின் பின்னாலிருந்து அவன் குரல்தான் முதலில் எழும்:

"யாராவது ஃபேன ஆஃப் பண்ணுங்கப்பா! மாமா கையில பூ இருக்கு!"

மண்டபமே சிரிக்கும். யாராவது ஒருவர் நிஜமாகவே ஓடிப்போய் சுவிட்சைத் தட்டுவார். ஸ்டெல்லா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வாள். நானும், வெட்கமில்லாமல், இறக்கைகள் முழுக்க நிற்கும் வரை காத்திருந்துதான் பூவைப் போடுகிறேன்.