கண்ணாடிக்காரர் காணாத குருவி

ஞாயிற்றுக்கிழமை வானமே இடிந்து விழுந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தார். வாரம் முழுக்கக் கடையில் நின்றபடி ஊரார் மூக்கில் கண்ணாடி மாட்டிப் பார்க்கிற மனிதர். ஒரு நாள் உட்கார ஆசைப்படுவது குற்றமா? அவர் வீட்டில் குற்றம்தான்.

எல்லாம் கொல்லையில் இருந்த ஷெட்டால் வந்த வினை. கடையின் பழைய போர்டு, உடைந்த ஷோகேஸ், காலில்லாத கட்டில் என்று "என்னைக்காவது உதவும்" எனச் சொல்லி அவர் அடைத்து வைத்த சாமான் அதில் கூரை வரை இருந்தது. மனைவிக்குத் தையல் தொழில். கூடத்தில் மிஷினைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர் காலெல்லாம் நூல் சுற்ற, தைத்துக்கொண்டிருந்தாள். ஷெட்டைக் காலி செய்து கொடுத்தால் மிஷினை அங்கே போட்டுக்கொள்வேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள். கேட்பாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அதனால்தான் கண்ணாடிக்காரர் பறவை பார்க்கத் தொடங்கினார். மதில் மேல் தானியத் தட்டு, பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி, எதிரே நாற்காலி, கழுத்தில் பைனாகுலர். அசையக்கூடாது, பேசக்கூடாது. வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுக்க இதைவிடக் கௌரவமான வழி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. என்ன, அவருக்குக் காக்கா தெரியும், புறா தெரியும். மற்றதெல்லாம் குருவி.

"ஏங்க, ஷெட்டு?"

"உஷ். மெதுவாப் பேசு. பறந்துடும்."

"எது, அந்தக் காக்காவா? அது தட்டையே தூக்கிட்டுப் போகப் பார்க்குது. கடையில நாள் பூரா காக்கா பிடிக்கிறது போதாதா, வீட்டுலயுமா?"

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சிவப்புத் துண்டு கண்ணில் பட்டது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"காக்கா இல்லம்மா. செந்துண்டுச் சிட்டு. ரொம்ப அபூர்வம். கழுத்தைச் சுத்தி சிவப்புத் துண்டு போட்ட மாதிரி இருக்கும். நம்ம ஷெட்டுலதான் கூடு கட்ட வந்திருக்கு. கதவைத் திறந்தோம், அவ்வளவுதான். இந்தப் பக்கமே வராது."

"ஓஹோ. ஷெட்டுக்குத் துண்டு போட்டு இடம் பிடிச்சுடுச்சா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

"சரி, வாயில்லா ஜீவன். இருந்துட்டுப் போகட்டும்."

இவ்வளவு சுலபமாக அவள் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. அங்கேயே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் செந்துண்டுச் சிட்டைப் பற்றி அளந்தார்.

அடுத்த ஞாயிறு டீயோடு வந்தாள்.

"ஏங்க, பார்த்துட்டேன்."

"எதை?"

"உங்க சிட்டைத்தான். காலையில துணி காயப் போடப் போனப்போ."

டீ புரையேறியது. "நல்லாப் பார்த்தியா?"

"நீங்க சொன்ன மாதிரியே கழுத்துல சிவப்பு. ஆனா வால் நீளமா இருந்துச்சு. நீங்க வாலைப் பத்திச் சொல்லவே இல்லையே."

"அது... பொட்டையா இருக்கும்."

அப்படி ஒரு பறவையே இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஷெட்டும் போகும், மானமும் போகும். அவர் முழித்துக்கொண்டிருக்கையில் மதிலுக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு டீச்சர். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவர். கண்ணாடிக்காரர் அவசரமாகப் பைனாகுலருக்குள் புகுந்துகொண்டார்.

"சார், நானும் பார்த்தேன்," என்றார் டீச்சர். "அருமையான பறவை. ஆனா பாவம், தவிச்சுக்கிட்டு இருக்கு."

"ஏன்?"

"அது சுத்தமான இடத்துலதானே கூடு கட்டும்? தட்டுமுட்டுச் சாமான் கிடந்தா நுழையாது. ஷெட்டு ஜன்னல்ல எட்டி எட்டிப் பார்த்துட்டுப் போச்சு. நீங்க இங்கதானே உட்கார்ந்திருந்தீங்க, பார்க்கலையா?"

"பார்த்தேன், பார்த்தேன்."

டீச்சர் போட்டிருந்த புது ரவிக்கை யார் தைத்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. பைனாகுலர் தூரத்துக்குத்தான் ஆகும்.

அன்றே ஷெட் திறந்தது. கட்டில், ஷோகேஸ், போர்டு எல்லாம் வரிசையாக அவர் தோளேறி வெளியே வந்தன. நாற்காலியில் மனைவி. கழுத்தில் பைனாகுலர்.

"சத்தம் போடாம தூக்குங்க. பறந்துடும்."

"இந்தக் கட்டிலை மட்டும் உள்ளயே..."

"உஷ்."

காலி செய்தது போதாதாம். வெள்ளையடித்தால் இன்னும் பிடிக்குமாம். அடித்தார். வெளிச்சம் வேண்டுமாம். லைட் போட்டார். பிளக் பாயிண்ட் எந்தக் குருவிக்கு என்று கேட்க நினைத்தார். ஆனால் அதற்குள் அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. விலங்கியல் படித்தவரே பார்த்திருக்கிறார் என்றால், தான் வாய்க்கு வந்தபடி சொன்னது தற்செயலாக நிஜமாக இருந்துவிட்டதோ? எல்லோர் கண்ணிலும் பட்டது தன் கண்ணில் மட்டும் படவில்லையே என்று பொறாமையாக இருந்தது. கடையில் யாரும் இல்லாதபோது தன் கண்ணைத் தானே சோதித்துப் பார்த்தார். எழுத்து அட்டையில் கடைசி வரி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

மறு ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாகத் தானியத்தைக் கைநிறைய அள்ளிக்கொண்டு, நிஜமாகவே ஆசையோடு கொல்லைக்குப் போனார். ஷெட்டுக்குள் கடகடவென்று சத்தம். எட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் மிஷின். மிஷினுக்குப் பின்னால் மனைவி.

"என்னம்மா இது, இங்க மிஷினைப் போட்டுட்ட? இந்தச் சத்தத்துக்கு அது வருமா?"

"வராது."

"ஒரு தடவையாவது கண்ணால பார்த்திருப்பேனே," என்றார். "எங்க போச்சோ என்னவோ."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதைப் பிறக்க வச்சது நீங்க. பறக்க வச்சது நான்."