சொட்டு விடாத படகு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். படகும் நலம். உங்கள் இரத்த அழுத்தமும் அத்தையின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று முதலில் விசாரித்துவிட்டு, பிறகு படகைப் பற்றி எழுதச் சொன்னாள் உங்கள் மகள். விசாரித்துவிட்டேன். இனி படகு.

தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும், "இருங்க மாப்பிள்ளை, அத்தைகிட்ட குடுக்கிறேன்" என்று கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தையும் அப்படிக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் அத்தை கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நீங்களே பாதி படித்திருப்பீர்கள். எனக்குப் பாதி போதும்.

அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் வீட்டுக் கொல்லையில் படகு கவிழ்ந்து கிடந்தது. அடியில் கோழிகள் குடியிருந்தன. பழைய சாமான் கடைக்காரர் வந்து அதை விரலால் தட்டிப் பார்த்து, அலுமினியம்தானே என்று கேட்டார். நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தீர்கள். "மாப்பிள்ளை, அது சாக்பீஸ் பிடிக்கிற கை" என்றீர்கள். நான் விடவில்லை. அப்போதுதான் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள்: "இது மட்டும் மிதந்துச்சுன்னா, உங்கள உக்கார வச்சு நானே துடுப்பு போடுறேன். மிதக்கலன்னா பேசாம கடைக்காரர்கிட்ட குடுத்துடணும். சரியா?" கடைக்காரர் சிரித்தார். அத்தை உள்ளே போய்ச் சிரித்தார்கள். உங்கள் மகள் சிரிக்கவில்லை என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நேற்றுதான் ஒப்புக்கொண்டாள்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருகிறீர்கள். துடுப்போடு வாருங்கள். இந்தக் கடிதத்தின் சாரம் இதுதான். மற்றதெல்லாம் அது எப்படி நடந்தது என்பது.

லாரியில் வந்த படகை வீட்டு முகப்பில் இறக்கினோம். முகப்பு முழுவதும் படகு. வாசற்கதவு பாதிதான் திறக்கும். மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் இறங்கி வந்து, தன் ஸ்கூட்டர் நின்றிருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது வீடா, துறைமுகமா?" என்று கேட்டார். இப்போதைக்கு இரண்டும் இல்லை என்றேன். இந்தப் பதிலை அவர் ரசிக்கவில்லை. படகா, நாங்களா, இரண்டில் ஒன்றுதான் இங்கே இருக்கலாம் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டு மேலே போனார். படிக்கட்டில் நின்று மறுபடி ஒருமுறை சொன்னார், நாகரிகம் இல்லாமல்.

முதல் வேலை கழுவுவது. கோழிகள் தங்களால் முடிந்ததை எல்லாம் படகுக்குச் செய்திருந்தன. அதைக் கழுவினால் பச்சைப் பெயின்ட். பச்சையைச் சுரண்டினால் நீலம். நீலத்தைச் சுரண்டினால் பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம். அதற்கும் கீழேதான் உலோகம். சுரண்டுவதற்கு ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு கம்பி பிரஷ் கொடுத்தார். தேய்த்தேன். வெள்ளி மாதிரி வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் உடம்பு முழுவதும் அம்மை போட்டதுபோல் பழுப்புப் புள்ளிகள். அலுமினியம் துருப்பிடிக்காது என்பதை வகுப்பில் நான் உதாரணமாகவே சொல்லியிருக்கிறேன். ஒரு முழு நாள் கலங்கிப் போனேன். பிறகுதான் புரிந்தது. துருப்பிடித்தது படகு இல்லை, பிரஷ். அது இரும்பு. தன்னுடைய துகளை எல்லாம் படகில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் புள்ளிகளை எடுக்க உங்கள் மகளின் பாத்திரம் தேய்க்கும் நார் அத்தனையும் போயிற்று. முதலில் என்னைத் திட்டினாள். பிறகு நான் தேய்க்கிற அழகைப் பொறுக்க முடியாமல் நாரைப் பிடுங்கிக்கொண்டாள். முன்பக்கம் முழுவதும் அவள் தேய்த்ததுதான். அத்தையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே தேய்ப்பாள். அது என்ன சத்தம் என்று அத்தை கேட்டபோது மின்விசிறி என்றாளாம். மின்விசிறி இல்லை.

அடுத்தது நசுங்கல். இடப்பக்கம் ஒரு பெரிய நசுங்கல் இருந்ததே, எந்தப் பாறையில் மோதியது என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை, அதுதான். மணல் மூட்டையை வெளியே அண்டக் கொடுத்து உள்ளேயிருந்து ரப்பர் சுத்தியலால் தட்டினேன். வெளியே குழியாக இருந்தது மேடாயிற்று. வெளியேயிருந்து தட்டினேன். மேடு போய்விட்டது, ஒரு முழம் தள்ளி இன்னொரு குழி வந்தது. அதைத் தட்டினேன். இன்னும் ஒரு முழம். நசுங்கலை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். தட்டித் தட்டிக் கடைசியில் அதைப் பின்பக்க மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறேன். அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள். நீங்களும் பார்க்க வேண்டாம். இந்தத் தட்டலில் மாடிக்காரர் மூன்றாவது முறையாக இறங்கி வந்தார். அவர் வாய் அசைந்ததைப் பார்த்தேன். தட்டிக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ரிவிட்டுகள். தகடுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் குமிழ் ஆணிகள். பாதி ஆடிக்கொண்டிருந்தன. விரலை வைத்தால் நகர்கிறது. சுற்றிலும் மயிரிழை மாதிரி வெளிச்சம். தெருமுனை வெல்டரைக் கூட்டிவந்தேன். படகைச் சுற்றி வந்தார். மரியாதையாகத் தொட்டுப் பார்த்தார். "இரும்பா இருந்தா இப்பவே ஒட்டிக் குடுத்துடுவேன் சார். இது தீயக் காட்டுனா அப்படியே உக்காந்துடும்" என்றார். இரும்பில் ஒரு படகு செய்து தரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். வருத்தமாகத்தான் போனார்.

ஹார்டுவேர் கடைக்குப் போனேன். தண்ணீர் கசியாமல் இருக்கப் பசை வேண்டும் என்றேன். "பாத்ரூமா, கிச்சனா?" என்றார் கடைக்காரர். படகு என்றேன். அவர் யோசித்தார். பின்னால் நின்றவர்களும் யோசித்தார்கள். "பாத்ரூமே குடுக்கிறேன். அங்கதான் தண்ணி அதிகம்" என்றார். சிலிக்கான் பசை. வெள்ளை நிறம். ஒரு ரிவிட் விடாமல், ஒரு இணைப்பு விடாமல் பூசினேன். படகுக்குள் நடுப்பலகையில் உட்கார்ந்துகொண்டு, சுற்றிச் சுற்றி, உள்பக்கம் முழுவதும். மாமா, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். அந்தப் பலகையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. இரண்டு பக்கமும் உலோகச் சுவர். தெரு தெரியாது. மாடிக்காரர் தெரியமாட்டார். விடைத்தாள்களைக்கூட அங்கேயே வைத்துத் திருத்தினேன். தாராளமாக மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்று துறைத்தலைவர் கூப்பிட்டு விசாரித்தார்.

பசை காய்ந்தது. இனி சோதனை. ஏரிக்கு எடுத்துப்போய் மூழ்கடித்துப் பார்க்க நான் என்ன பைத்தியமா? தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறவன். ஓட்டை என்றால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஓட்டைதான். படகைத் தண்ணீரில் வைப்பதும் தண்ணீரைப் படகில் வைப்பதும் ஒன்றுதான். பழைய டயர்களின் மேல் படகைத் தூக்கி வைத்தோம். அடியில் செய்தித்தாள் விரித்தோம். குழாயை உள்ளே விட்டோம். பலகை மட்டம் வரை தண்ணீர். நான் தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துக் காத்திருந்தேன். ஒரு சொட்டு விழும் என்று காத்திருந்தேன். உலகச் செய்திகள் முழுவதும் படித்தேன். விளையாட்டுப் பக்கமும் படித்தேன். ஒன்றும் விழவில்லை. மறுநாள் காலையில் தாள் மொடமொடவென்று இருந்தது. உங்கள் மகள் குனிந்து, தாளைத் தொட்டுப் பார்த்து, என்னைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

தண்ணீரை இறைத்துவிடலாம் என்று நினைத்த அன்றுதான் தெருவின் பெரிய குழாய் உடைந்தது. யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை. மேல்தொட்டியில் இருந்ததை எல்லாம் படகில் நிரப்பிவிட்டோம் என்பது மாடிக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. தலையில் சோப்பு நுரையோடு இறங்கி வந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. அதனால் திட்டையும் சரியான திசையில் விட முடியவில்லை. உங்கள் மகள் படகிலிருந்து ஒரு செம்பு மொண்டு தலையில் ஊற்றினாள். இன்னொன்று ஊற்றினாள். மூன்றாவது செம்பில் அவர் அமைதியாகிவிட்டார். அதன் பிறகு எதிர்வீட்டுக்காரர்கள் வாளியோடு வந்தார்கள். பக்கத்து வீடு வந்தது. வெல்டர் வந்தார். பாத்திரம் கழுவினார்கள், துணி அலசினார்கள், குளித்தார்கள். உங்கள் படகில், மாமா. குழாய் சரியாகும்வரை தெருவே அதில்தான் ஓடியது. வரிசையை ஒழுங்குபடுத்தியது யார் தெரியுமா? மாடிக்காரர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஒரு ஆளுக்கு ஒரு வாளிதான், நம்ம படகு என்ன கடலா?" என்றார். நம்ம படகு. ஸ்கூட்டரை இனித் தெருவிலேயே நிறுத்திக்கொள்வாராம். வாடகை வீட்டில் படகு இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று என்னிடமே வாதாடினார். நான் ஒப்புக்கொண்டேன்.

இப்போது தண்ணீரை இறைத்தாயிற்று. துடைத்தாயிற்று. வெயில் பட்டால் எதிர்வீட்டுச் சுவரில் படகின் வெளிச்சம் ஆடுகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று, "இதுல ஒரு சொட்டுகூடக் கசியலையாமே" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறேன். என் கைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பசை இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. சாக்பீஸ் பிடிக்கிற கைதான். ஆனால் அது மட்டும் இல்லை என்று உங்களிடம் சொல்ல விரும்பினேன். நேரில் சொன்னால் குரல் ஒருமாதிரி ஆகிவிடும். அதனால்தான் கடிதம்.

பழைய சாமான் கடைக்காரரை இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டி வாருங்கள். கரையில் நிற்கட்டும். அத்தைக்கு என் வணக்கம். கோழிகளுக்கு என் வருத்தம். அவற்றுக்கு வேறு வீடு கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தோள்களுக்குத் துடுப்புப் போடும் பலம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,

உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. அப்பாவை ஏற்றுவதற்கு முன் நாமே ஒருமுறை பார்த்துவிடலாமே என்றாள் உங்கள் மகள். நியாயம்தான். இன்று காலை படகை ஏரிக்குக் கொண்டுபோனோம். மாடிக்காரரும் வந்தார், கையில் வாளியோடு. பழக்கம் விடவில்லை. படகை இறக்கினோம். மிதந்தது. மாமா, மிதந்தது. உங்கள் மகள் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தாள். நான் இரவல் வாங்கி வந்த துடுப்பை எடுக்கக் கரைக்குத் திரும்பினேன். திரும்பி வந்தபோது அவள் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. முழங்கால் ஆழம்தான், சேற்றில் போய் நிதானமாக உட்கார்ந்துகொண்டது.

விஷயம் இதுதான். பசை உள்பக்கம் இருக்கிறது. உள்ளே தண்ணீர் ஊற்றினால் தண்ணீரே அதைத் தகட்டோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. வெளியே தண்ணீர் இருந்தால் ரிவிட் ஓட்டை வழியாக அதைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வருகிறது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. தர்க்கத்தில் இதற்கு இடமில்லை. வெளிப்பக்கம் பூசியிருக்க வேண்டும். பூசவில்லை. உள்ளே உட்கார நன்றாக இருந்தது. "உள்ள வந்த தண்ணி ஒரு சொட்டு வெளிய போகல பாருங்க" என்றார் மாடிக்காரர். கிண்டல் இல்லை, மெய்யாகவே வியந்துதான் சொன்னார்.

பழைய சாமான் கடைக்காரருக்கு நானே சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்றேன். உங்கள் மகள் இடுப்பளவு தண்ணீரில் பலகையைவிட்டு எழுந்திருக்கவில்லை. "இருங்க" என்றாள். "அப்பா என்ன சொன்னார்? மிதந்துச்சுன்னா-ன்னுதானே சொன்னார். எவ்வளவு நேரம்னு சொன்னாரா?"

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்லவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரவும். கரையோரமாகவே போகலாம். மாற்றுத் துணி ஒன்று எடுத்து வரவும்.