பதிவுத் தபாலில் வந்த கல்

ஒரு காட்டில் மலையிலிருந்து தலைநகர் வரை ஒரு தபால் தடம் இருந்தது. அந்தத் தடத்தில் எண்பத்திரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது பொன்னுரங்கம் என்ற ஆமை. மலையில் தபாலை வாங்கி முதுகில் கட்டினால் தலைநகரில் கொடுத்து முடிக்க மூன்று மாதம் ஆகும். தாமதம் என்று யாராவது புகார் எழுதினால் அந்தப் புகாரையும் பொன்னுரங்கமே சுமந்துபோக வேண்டும். அதனால் புகார்கள் குறைவு. ஆனால் எண்பத்திரண்டு வருடத்தில் ஒரு தபால்கூடத் தொலைந்ததில்லை.

அந்த ஆனி மாதக் கடைசியில் பொன்னுரங்கத்துக்கு ஓய்வு. அல்லிக்குளத்தில் அதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். இனி நடக்கக் கூடாது, மிதக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆசை இல்லை. குளத்தில் இறங்க விடுவிப்பு உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு கிடைக்க, கையில் பட்டுவாடா ஆகாத தபால் ஒன்றும் இருக்கக் கூடாது. மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. கையில் ஒரே ஒரு பார்சல் இருந்தது. சாக்கில் தைத்து அரக்கு வைத்த பதிவுத் தபால். பெறுநர், மன்னர் சிங்கம், குகை எண் ஒன்று. அனுப்புநர், மலைப் பெருச்சாளி. உள்ளே இருப்பது என்ற இடத்தில் 'கல்' என்று எழுதியிருந்தது.

இந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் மரியாதையுள்ள ஒவ்வொரு காட்டுக்கும் பெயர் வைத்த ஒரு வைரம் இருந்தது. கரடிக்காட்டு வைரத்தின் பெயர் 'நீலத்துளி'. அதை அணிந்த மூன்று கரடிகளும் செத்தன. கரடிகள் எப்படியும் சாகும் என்று யாரும் சொல்லாததால் சாபம் உண்டு என்று பேராயிற்று. பார்க்க வரும் கூட்டம் இரட்டிப்பாயிற்று. மேற்குக்காட்டுச் சிங்கத்திடம் இருப்பது புலிக்காட்டிலிருந்து போனது. திருப்பிக் கேட்டால், அன்பளிப்பாக வந்தது என்று பதில் வரும். அன்பளித்த புலிக்கு அப்போது வயது பத்து மாதம். எல்லாவற்றிலும் பெரியது யானைக்காட்டில் இருந்தது. மாதுளம்பழம் அளவு.

நம் சிங்கத்திடம் வைரம் இல்லை. விருந்துக்குப் போகும் இடமெல்லாம் பிடரியை மட்டும் சிலுப்பிக்கொண்டு திரும்பி வரும். அப்படி இருக்கையில்தான், வளை தோண்டிய பெருச்சாளிக்கு மலையில் ஒரு கல் அகப்பட்டது. செய்தி வந்ததும் மந்திரி நரி இரண்டு காரியம் செய்தது. முதல் காரியம், வளையை அடைத்தது. இன்னொரு கல் கிடைத்துவிட்டால் இந்தக் கல்லுக்கு மரியாதை இருக்காது என்பது அதன் கணிப்பு. வளை போன பெருச்சாளி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இரண்டாவது காரியம், போலி ஒன்று செய்யச் சொன்னது. போலி முப்பது சிறுத்தைகள் காவலோடு ஊர்வலமாக வரும். திருடர்கள் அதன் பின்னால் ஓடுவார்கள். நிஜம் யாரும் திரும்பிப் பார்க்காத தபாலில் வந்து சேரும். பிறகு ஒரு மத்தியானம் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். நல்ல திட்டம்தான். தபால்காரர் யார் என்று மந்திரி விசாரிக்கவில்லை.

மூன்று மாத நடை முடிந்து, ஆனி முடிய மூன்று நாள் இருக்கையில் பொன்னுரங்கம் குகை வாசலுக்கு வந்தபோது அங்கே பெரிய வரிசை நின்றது. தபால் கொடுக்க வந்தவர்கள்தான் போலும் என்று நினைத்து அதுவும் கடைசியில் போய் நின்றது. முன்னால் நின்ற காட்டெருமை திரும்பிப் பார்த்தது.

"எந்த ஊரு பெரியவரே?"

"மலைத்தடம்."

"அவ்வளவு தூரத்துலேருந்து பாக்க வந்தீங்களா. பாக்க வேண்டியதுதான். நான் ஏழாவது தடவை."

வரிசை நகர்ந்து உள்ளே போனதும் பொன்னுரங்கம் அதைப் பார்த்தது. பட்டுத்துணி மேல், தேங்காய் அளவில், ஒரு வைரம். 'காட்டின் கண். உலகிலேயே பெரியது' என்று பலகை. பக்கத்தில் ரத்தின பரிசோதகர் கையெழுத்திட்ட சான்றிதழ். யானைக்காட்டிலிருந்து வந்த வாழ்த்து மடல். அந்த மடலை எழுதும்போது யானைகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று காட்டெருமை பெருமையாகச் சொன்னது.

"மன்னருக்கு ஒரு பதிவுத் தபால். கையெழுத்துப் போடணும்" என்றது ஆமை, காவலில் நின்ற சிறுத்தையிடம்.

கொஞ்ச நேரத்தில் மந்திரி நரி வந்து ஆமையை உள்குகைக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. அங்கே சிங்கம் படுத்திருந்தது. மூன்று மாதம் ஓட்டில் உரசியதில் சாக்கின் ஒரு மூலை தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. நரி அதில் கண்ணை வைத்துப் பார்த்தது. பிறகு சிங்கம் பார்த்தது.

"சின்னதா இருக்கே" என்றது சிங்கம்.

கொய்யாப்பழம் அளவுதான் இருந்தது.

"போலி பண்ணச் சொன்னப்போ உலகத்துலேயே பெரிசா இருக்கட்டும்னு குரங்குகிட்ட சொன்னேன் மகாராஜா. சோடா பாட்டில் அது பாட்டுக்குக் கிடைச்சுது, உருக்கிட்டான். நிஜம் எவ்வளவுன்னு யாருமே அளக்கல."

"இப்ப மாத்தினா?"

"யானைக்காட்டுக்கு அப்புறம் ரெண்டாவது இடம்."

சிங்கம் கண்ணை மூடிக்கொண்டது. "யானைங்களோட வாழ்த்தைத் திருப்பிக் கொடுக்கணுமா?"

"மரியாதைக்குக் கொடுக்கணும்."

"இதைக் கொண்டுபோய் ஆத்துல போடச் சொல்லு."

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டது. "பதிவுத் தபால் மன்னா. எண் போட்டிருக்கு. ஆத்துல போட்டா எனக்கு விடுவிப்பு கிடையாது. வேண்டாம்னா, வாங்க மறுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. நான் போயிடறேன்."

"மறுத்தேன்னு எழுதினா, ஒண்ணு வந்துச்சுன்னு ஆயிடும்யா" என்றது நரி.

"அப்ப வாங்கிக்கிட்டேன்னு எழுதுங்க."

"அதுவும் அதேதான்யா. காட்டின் கண் இங்க உக்காந்திருக்கறப்போ மன்னருக்கு மலைலேருந்து எதுக்குய்யா இன்னொரு கல் வரணும்? நாளைக்கு எவனாவது கேப்பான்."

ஆமை பார்சலைச் சுமந்துகொண்டு தபால் நிலையத்துக்குத் திரும்பியது. குகையிலிருந்து நூறு அடி தூரம். பொழுது போய்விட்டது.

போஸ்ட்மாஸ்டர் தில்லைநாயகம் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்று விதிப் புத்தகத்தைப் புரட்டியது.

"அனுப்பினவருக்கே திருப்பிரலாமே அண்ணே."

"அவரு வளையை அடைச்சிட்டாங்க. இருக்கற இடம் தெரியல."

"பெறுநர் ஊரில் இல்லைன்னு எழுதலாமா? ஆனா தினம் கர்ஜிக்கறாரு." கொக்கு இன்னொரு பக்கம் புரட்டியது. "பெறுநர் இறந்துட்டா சுலபம். ஒரே வரி."

இருவரும் அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தார்கள்.

"ரொம்ப நாள் ஆகும்" என்றது ஆமை.

"அப்ப இன்னும் ஒரு வழிதான். உள்ள இருக்கறது விசேஷமான பொருள் இல்ல, சாதாரணக் கல்லுதான்னு பரிசோதகர்கிட்ட எழுதி வாங்குங்க. சாதாரணக் கல்லுக்குக் கையெழுத்துப் போடறதுல மன்னருக்கு என்ன கஷ்டம்?"

"வாங்கிட்டு வர ரெண்டு நாள் ஆயிடுமே."

"அவங்க மரம் எதிர்லதானே அண்ணே இருக்கு."

"அதான் சொல்றேன்."

ரத்தின பரிசோதகர் சௌந்தரவல்லி ஒரு மரங்கொத்தி. கல்லைக் கொத்தி, சத்தத்தைக் கேட்டே ஜாதியைச் சொல்லிவிடுவாள் என்று பெயர். மறுநாள் மதியம் பொன்னுரங்கம் எதிர்மரத்தின் அடியில் போய் நின்றது. சௌந்தரவல்லி இறங்கி வந்து சாக்கின் ஓட்டை வழியாக ஒரே ஒரு தட்டு தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு தட்டு தட்டினாள். ஓட்டைக்குள் புகுந்து வெளியே வந்த வெயில் மரத்தடியில் பல நிறங்களில் சிதறியது. அங்கே போய்க்கொண்டிருந்த எறும்புகள் வரிசை கலைந்து நின்றன.

"இதை எங்க வச்சிருந்தீங்க இத்தனை நாளா?"

"முதுகுலதாம்மா."

"இது வைரம்."

"இல்லைன்னு எழுதித் தரணும்மா. நாளன்னிக்கு எனக்கு ஓய்வு."

"பொய்யெல்லாம் எழுத மாட்டேன்."

"அங்க ஒரு சான்றிதழ் மாட்டியிருக்காங்களே."

சௌந்தரவல்லி அலகை மரத்தில் தேய்த்தாள். "அதைக் கொத்திப் பாக்க விடல. நாப்பதடி தள்ளி நின்னு பாக்கச் சொன்னாங்க. தூரத்துலேருந்து பளபளன்னு இருந்துச்சு. கையெழுத்துப் போடறதுக்குப் பேனாவைத் தயாரா வச்சிருந்தாங்க." அவள் ஒரு கிளைக்குத் தாவி, திரும்ப இறங்கினாள். "இப்ப இது நிஜம்னு எழுதினா அது என்னன்னு கேப்பாங்க. என் மரம் போயிடும். மூணு பொந்து இருக்கு அதுல. ரெண்டுல முட்டை இருக்கு."

"எனக்குக் குளம் போயிடும்மா."

இருவரும் பார்சலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சௌந்தரவல்லி ஓலையை எடுத்தாள். யோசித்து யோசித்து எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

"'இக்கல் என்னால் நேரில் தட்டிப் பரிசோதிக்கப்பட்டது. மன்னரிடம் உள்ள புகழ்பெற்ற காட்டின் கண் எந்த வகையைச் சேர்ந்ததோ, அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.' ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல."

பொன்னுரங்கம் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டது. சௌந்தரவல்லி முத்திரை வைத்தாள். வைத்த பிறகு, "இன்னொரு தடவை தட்டிப் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். பொன்னுரங்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் மெதுவாகத் தட்டிவிட்டு மேலே பறந்துபோனாள்.

மாதத்தின் கடைசி நாள் காலை ஆமை குகைக்கு வந்து சேர்ந்தது. உள்குகையில் நரியின் முகம் நன்றாக இல்லை. ஏற்கெனவே ஏழு தடவை வந்திருந்த காட்டெருமை முந்தின நாள் எட்டாவது தடவையும் வந்து, பக்தி மிகுந்து காட்டின் கண்ணை நக்கியிருந்தது. நாக்குப் பட்ட இடத்தில் ஒரு விரிசல். கண்ணாடி விரிகிற மாதிரியே விரிந்திருந்தது. திரை போட்டு, பராமரிப்பு என்று பலகை வைத்திருந்தார்கள். வெளியே வரிசை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

நரி ஓலையைப் படித்தது. இன்னொரு முறை படித்தது. அதன் காதுகள் மெல்ல நிமிர்ந்தன.

"மகாராஜா, இது காட்டின் கண் வகை இல்லைன்னு பரிசோதகரே எழுதிட்டாங்க."

"அப்ப இது என்ன?"

"இது நகல் மகாராஜா."

சிங்கம் நரியைப் பார்த்தது. நரி நிதானமாக விளக்கியது. உலகிலேயே பெரிய வைரத்தை இப்படி வருகிறவன் போகிறவன் நக்கும்படி வைத்திருப்பது ஆபத்து. பெரிய காடுகளில் யாரும் அசலை வெளியே வைப்பதில்லை. உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, நகலைத்தான் பார்வைக்கு வைக்கிறார்கள். நாமும் அசலைப் பாறைக்கடியில் பூட்டிவிடலாம். யாரும் பார்க்க முடியாததால் விரிசல் அதற்குமேல் வளராது. முதல் இடமும் போகாது.

"நகல் சின்னதா இருக்கேன்னு கேட்டா?"

"நகல்னா சின்னதாத்தான் இருக்கும் மகாராஜா."

சிங்கம் வெகுநாளைக்குப் பிறகு கொட்டாவி விட்டது. ஒப்புகை அட்டையை வாங்கி, 'ஒரு நகல் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. பொன்னுரங்கத்தின் முதுகிலிருந்து பார்சலை இறக்கினார்கள். ஓடு அவ்வளவு லேசாக இருந்ததை அது மறந்தே போயிருந்தது.

தபால் நிலையத்தில் கொக்கு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "பதிவுல 'கல்'லுன்னு இருக்கு. இங்க 'நகல்'னு இருக்கே அண்ணே."

"கையெழுத்து யாரோடது?"

"மன்னரோடது."

"அப்புறம் என்ன தம்பி."

கொக்கு விடுவிப்பு உத்தரவைக் கொடுத்தது. இரண்டு காலிலும் நின்று கொடுத்தது.

குளத்துக்குப் போகும் வழி குகை வாசலைக் கடந்துதான் போகிறது. மறுநாள் பொன்னுரங்கம் அதைக் கடப்பதற்குள் திரையை எடுத்து வரிசையையும் உள்ளே விட்டுவிட்டார்கள். கல் இப்போது வெயில் படும் இடத்தில் இருந்தது. குகைச் சுவர் முழுக்க நிறங்கள் ஊர்ந்தன. கீழே புதுப் பலகை. 'இது நகல் மட்டுமே. அசல் இதைவிடப் பெரியது. பாதுகாப்பாக உள்ளது.'

வரிசையில் இரண்டு மான்கள் முகமெல்லாம் நிறம் பட்டு நின்றன. ஒன்றுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நகலே இப்படி இருந்தா அசல் எப்படி இருக்குமோ" என்றது அது.

"நமக்கெல்லாம் அதைப் பாக்கக் கொடுத்துவைக்கல" என்றது மற்றது.

பொன்னுரங்கம் நின்றது. வாயைத் திறந்தது. எண்பத்திரண்டு வருடத்தில் தான் சுமந்துவந்த எதையும் அது பிரித்துப் படித்ததில்லை. யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. கையெழுத்து ஆகிவிட்ட தபாலைப் பற்றித் தபால்காரன் பேசுவது விதிப்படி குற்றம். தவிர, குளம் இன்னும் இருபது அடிதான் இருந்தது. இப்போது கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் தண்ணீரில் கால் வைத்துவிடலாம்.

"ஓரமாப் போங்க பெரியவரே, மறைக்குது" என்றது மான்.

அது ஓரமாகப் போயிற்று.

நீதி: நாலு பேர் பார்க்கும்படி வந்து நிற்க உண்மை ஆசைப்பட்டால், நகல் என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வர வேண்டும். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை. கீழே முத்திரை இருக்க வேண்டும்.