என்னைச் சிங்கம் என்று நினைத்த நெருப்புக்கோழி

சத்தம் போட்டால் எந்தப் பறவையும் பறந்துவிடும் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். திராட்சைத் தோட்டக்காரன் அப்படித்தான் நம்புவான். பழம் கனிந்ததும் கிளியும் மைனாவும் வரும், தகர டப்பாவைத் தட்டுவோம், போய்விடும். (பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதற்கு மேல் பறவைகளைப் பற்றி என்ன தெரிய வேண்டும்?)

ராயப்பன்பட்டியில் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த பண்ணையில் ஆரோக்கியம் அண்ணன் ஒரு நெருப்புக்கோழி வளர்த்தார். ஒருநாள் காலையில் அது வேலியைத் தாண்டி என் திராட்சைப் பந்தலுக்குள் வந்துவிட்டது. மறுநாள் பழம் வெட்ட ஆள் சொல்லியிருந்தேன். அந்தப் போகத்துப் பழம் முழுவதும் கொத்துக் கொத்தாக அதன் கழுத்தில் இடித்துக்கொண்டு தொங்கியது.

டப்பாவை எடுத்துத் தட்டினேன். அது பறக்கவில்லை. ஓடியது. கொடியும் கொத்தும் அறுந்து விழுந்தன.

குழந்தைகளே, அதன் உடம்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் வெட்டவெளி. எதிரியைத் தூரத்திலேயே பார்க்க உயரமான கழுத்து, பெரிய கண். பார்த்ததும் ஓட நீண்ட கால். காலுக்கு இரண்டே விரல். ஓடும்போது சாயாமல் திரும்பச் சிறகு. நம் மேகமலை வரையாட்டின் குளம்பு பாறையைப் பிடிக்கவே அமைந்த மாதிரி, இது ஓடவே அமைந்தது. என் பந்தலிலோ கழுத்தை நிமிர்த்தினால் கம்பி, பார்த்தால் இலை, ஓடினால் கல்தூண். போதாததற்கு நான் வேறு தட்டுகிறேன். சிங்கம் என்று நினைத்திருக்கும். (என்னைச் சிங்கம் என்று நினைத்த ஒரே உயிர் அதுதான்.)

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அது என் பக்கம் திரும்பியது மட்டும்தான் தெரிந்தது. டப்பாவைப் போட்டுவிட்டுக் கல்தூணில் ஏறிப் பந்தல் மேல் உட்கார்ந்தேன்.

மகள் ஜெனிபர் வீட்டுப் பக்கம் பார்த்துச் சத்தம் கொடுத்தாள். "அம்மா, அப்பா பந்தல் மேல ஏறிட்டாக. கோழி கீழதான் நிக்குது."

என் மனைவி பிலோமினா வந்து அண்ணாந்து பார்த்தாள். "ஏங்க, அது பறக்கலைன்னு நீங்க பறந்துட்டீகளா?"

அதற்குள் ஆரோக்கியம் அண்ணன் ஓடி வந்தார். கண்ணை மறைத்தால் அடங்கிவிடும், அவசரத்தில் அதற்கான உறையை எடுக்காமல் வந்துவிட்டேன் என்றார். குழாய் மாதிரித் தைத்து இரண்டு பக்கமும் திறந்த துணி ஏதாவது வேண்டுமாம். சொல்லிக்கொண்டே மேலே பார்த்தார்.

"தம்பி, கைலி மூட்டுனதா?"

"மூட்டுனதுதான்ணே. வேற துணி இல்லையா?"

"இன்னும் ரெண்டு சுத்து ஓடுச்சுன்னா பந்தலே இருக்காது. கழட்டி இங்கன போடுங்க."

போட்டேன். முன்பக்கமாகத்தான் அது உதைக்கும் என்பதால், அண்ணன் பக்கவாட்டில் போய்க் கைலியைத் தலையில் மாட்டினார். பயமுறுத்தக் கண்ணில் எதுவும் படவில்லை, கால்களும் ஓய்ந்தன. அத்தனை பெரிய பறவை, கன்றுக்குட்டி போல அவர் பின்னால் நடந்து போனது. பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. அதன் உடம்பு கேட்ட இடம் என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு வரிசை பழம் போனது, மிச்சம் பிழைத்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வேலை முடித்துப் போகிறவரை நான் கால்சட்டையோடு மேலேயே இருந்தேன்.

இன்றைக்கும் உத்தமபாளையத்தில் கைலி எடுக்கப் போனால், ஒன்று போதும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பிலோமினா கடைக்காரரிடம் முந்திக்கொள்வாள்.

"இன்னொண்ணும் சேத்து வைங்கண்ணே. இவுக கோழிக்குக் கழட்டிக் குடுத்துருவாக."