பின்னால் நிற்கும் ஆடு

பயிற்சி முகாமிலிருந்து வடக்குத்து கிராமத்துக்குத் திரும்பிய பெரியண்ணன், சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆட்டுப்பட்டியின் முன்னால் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"இனிமே இந்த வூட்டுல தின்னுற தீனிக்கு எடை ஏறணும். ஏறாத ஆடு சந்தைக்கு."

அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். இந்தப் பக்கம் போட்டது அந்தப் பக்கம் வந்து விழுந்தே ஆக வேண்டும் அவருக்கு. சுரங்க டவுன்ஷிப்பில் நடந்த ஆடு வளர்ப்பு முகாமில், எந்த ஆடு எவ்வளவு தின்று எவ்வளவு எடை போடுகிறது என்று கவனிக்கச் சொன்னார் கால்நடை டாக்டர். கவனித்து என்ன செய்வது என்று அவர் விளக்க ஆரம்பித்தபோது டீ வந்துவிட்டது. பெரியண்ணன் டீக்கு எழுந்து போய்விட்டார்.

நாலு செம்மறிகளும் அவர் மனைவி அம்சவல்லியின் வளர்ப்பு. மூன்று முட்டி மோதித் தீனித் தொட்டிக்குள் தலையை விடும். நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டி மட்டும் ஒதுங்கி நிற்கும். மற்றவை தின்று, தண்ணீரும் குடித்து விலகிய பிறகு, மிச்சத்தை நக்கும். தாய் செத்த குட்டி அது. அம்சவல்லி பாட்டிலில் பால் புகட்டிக் காப்பாற்றியது.

ஒரு வாரம் ஷிஃப்ட் முடிந்ததும் பட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார் பெரியண்ணன்.

"சுட்டி தேறாது. முட்டிகினு முன்னால வர்றதுதான் தேறும். பின்னாடி நின்னுகினு இருக்கறதெல்லாம் நஷ்டம். ஞாயித்துக்கெழம கலியன் வந்து ஓட்டிகினு போவான்."

கலியன் முத்தாண்டிக்குப்பத்து ஆட்டு வியாபாரி. அவன் பேரைக் கேட்டதும் அம்சவல்லியின் கையிலிருந்த கடலைக்கொடி அப்படியே நின்றது. ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

அந்த 'சரிங்க'வுக்கே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து பசியோடு வந்து சட்டியைத் திறந்தார். மத்திக் குழம்பு மணந்தது. மத்தி இல்லை.

"மீன் எங்கடி?"

"சாப்ட்டுட்டேங்க."

"எனக்கு முன்னாடியேவா?"

"பின்னாடி நின்னா நஷ்டம்னீங்களே. என்னையும் கலியங்கிட்ட புடிச்சிக் குடுத்துடப் போறீங்களேன்னு பயந்துட்டேன்."

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அடுப்படி வாசலிலேயே காவல் உட்கார்ந்தார். குழம்பு கொதித்தது. அம்சவல்லி கரண்டியில் ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டாள். பிறகு இன்னொன்று. அப்புறம் மூன்றாவது, நாலாவது.

"என்னாடி பண்ற?"

"உப்பு பாக்கறேன்."

"உப்பு பாக்க நாலு துண்டா?"

"எல்லாத் துண்டுலயும் ஒரே மாதிரி ஏறியிருக்கணும்ல? ஏத்தம்தான முக்கியம்?"

பெரியண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஆம்பள சாப்ட்டு முடிச்ச அப்புறம்தானடி..."

"அப்புறம்?" என்றாள் அம்சவல்லி. குரலை உயர்த்தவில்லை. "அப்புறம் மிச்சம் மீதி. கல்யாணமானதுலேருந்து தொட்டிக்குப் பின்னாடிதாங்க நிக்கறேன். நீங்க பாத்ததில்ல."

அவர் யோசித்துப் பார்த்தார். இவள் எப்போது சாப்பிடுவாள், எவ்வளவு சாப்பிடுவாள், மீனில் தலை பிடிக்குமா வால் பிடிக்குமா? ஒரு வாரம் குத்துக்கல்லாக உட்கார்ந்து ஆடு தின்பதைப் பார்த்த மனுஷனுக்கு, ஒரே வீட்டில் இருப்பவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு வெறும் குழம்பை ஊற்றித் தின்றார்.

ஞாயிறு காலையில் சுட்டியைத் தனியாகக் கட்டி, தவிடும் புண்ணாக்கும் கலந்து ஒரு சட்டியில் வைத்தார். அது உடனே வாயை வைக்கவில்லை. எந்தப் பக்கமிருந்து முட்டு வருமோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது. யாரும் வரவில்லை. தலை குனிந்ததுதான், சட்டியின் அடி தெரிகிற வரை நிமிரவில்லை. வாளித் தண்ணீரையும் உறிஞ்சிக் குடித்தது. பெரியண்ணன் அதன் முதுகில் கை வைத்தபடி நெடுநேரம் நின்றிருந்தார்.

கலியன் கயிறோடு வந்து இறங்கினான்.

"விக்கலப்பா."

"தேறாதுன்னீங்களேண்ணே?"

"ஆடு தேறிடுச்சி. நான்தான் தேறல. நீ போயிட்டு வா."

பிறகு அவரே மந்தாரக்குப்பம் போய் மத்தி வாங்கி வந்தார். குழம்பு இறங்கியதும் தட்டை எடுத்துத் தரையில் வைத்தார்.

"நீ உக்காரு அம்சா. நான் போடறேன்."

அம்சவல்லி நம்பாமல் அவரைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், மீன் வைத்தார். போதும் என்று அவள் சொல்வாள் என்று பார்த்தார். சொல்லவில்லை. மறுபடி வைத்தார். அவள் நிதானமாக முள் எடுத்து, நிதானமாகச் சாப்பிட்டாள். கரண்டியோடு நின்ற அவருக்கு வயிறு கூவியது.

அவள் கை கழுவப் போனதும் சட்டியைச் சாய்த்துப் பார்த்தார். கறிவேப்பிலை மட்டும் ஒட்டியிருந்தது.

வெளியே தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது:

"அடுத்த வாரம் வஞ்சிரம் வாங்கிகினு வாங்க. மத்தியில முள்ளு ஜாஸ்தி."