மூன்றாவது 'வேண்டாம்'

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மூத்த சகோதரி மாஹ்லகா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் காலடித் தூசியும் வாசல் காவலனுமான தம்பி கொத்ரத் பணிந்து எழுதிக்கொள்வது. தங்கள் நிழல் எங்கள் தலைமேல் ஒருநாளும் குறையாதிருக்கட்டும். ஷிராஸில் தாங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அத்தானின் முழங்காலை நான் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும். இங்கே நானும் பரிச்செஹ்ரும் இறைவன் கருணையால் சுகம். வீடும் இந்த வரியை எழுதும்வரை நம் வீடாகத்தான் இருக்கிறது. அடுத்த வரிக்கு நான் பொறுப்பல்ல.

அக்கா, கையில் தேநீர் இருந்தால் முதலில் கீழே வைத்துவிடு. நம் மேற்குச் சுவரை ஒட்டி இடிந்து கிடந்த வணிகர் சத்திரம் ஞாபகம் இருக்கிறதல்லவா, நீ சின்ன வயதில் என் பட்டத்தை வேண்டுமென்றே எறிந்துவிட்டு "ஜின் கொண்டுபோச்சு" என்றாயே, அதே சத்திரம். அங்கே மக்கள் பண்பாட்டு அருங்காட்சியகம் கட்டப் போகிறார்களாம். மக்கள் பண்பாடு என்றால் வேறொன்றுமில்லை, நாம் தினம் செய்துவிட்டு மறந்துபோவதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து விளக்குப் போட்டு, 'தொடாதீர்' என்று எழுதுவது. நல்லது, கட்டட்டும், என் பிளாஸ்டிக் வாளிக் கடைக்கும் நாலு பேர் வருவார்கள் என்றுதான் இருந்தேன். அப்போது கத்தரிக்கோலும் கையுமாக நாவிதன் நெஃமத் என் காதுப் பக்கம் குனிந்தான். "அண்ணே, நகராட்சி மண்டபத்துல அட்டையில ஊரைச் செஞ்சு வெச்சிருக்காங்க. ஊர் பூரா வெள்ளை. சத்திரம் மஞ்சள். உங்க வீடும் மஞ்சள். நான் ஒண்ணும் சொல்லல." நெஃமத் 'நான் ஒண்ணும் சொல்லல' என்று சொன்னால் அந்த வாரம் ஊரில் ஒரு நிச்சயதார்த்தமாவது முறியும் என்பது உனக்குத் தெரியாததல்ல.

பாதி முடி வெட்டிய தலையோடு மண்டபத்துக்கு ஓடினேன். அவன் சொன்னது பொய்யில்லை. வெள்ளை அட்டை ஊருக்கு நடுவே இரண்டே மஞ்சள், ஒன்று அருங்காட்சியகம், இன்னொன்று நம் வீடு. வீட்டுக்குள் காற்றை இறக்கும் காற்றுக்கோபுரம், முற்றத்துத் தொட்டி, மாதுளை மரம் வரை அச்சு அசல். அது போகட்டும். முற்றத்தில் கடுகளவு மனிதன் ஒருவனை நிற்க வைத்திருந்தார்கள். அந்தக் கடுகுக்கும் தொப்பை இருந்தது. நம் தெருவில் இந்தத் தொப்பை யாருடையது என்று கேட்டால் பிறவிக் குருடனும் சொல்வான். பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் சிவப்பு அம்புகள் வரிசையாகச் சத்திரத்தில் கிளம்பி, நம் மேற்குச் சுவரைத் துளைத்து, சமையலறைக்குள் புகுந்து, உன் ஐந்து கதவு அறையைத் தொட்டுக்கொண்டு போயின. அம்பு போட்டால் அது பார்வையாளர் நடக்கும் வழி என்று யாருக்குத்தான் தெரியாது? நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கண்டுகொண்டேன்: சமையலறையில் சீட்டுக் கவுண்டர், நிலவறையில் கழிப்பறை, முற்றத்தில் மெழுகு பூசிய நான்.

வீட்டுக்கு வந்து பரிச்செஹ்ரிடம் சொன்னால் அவள் கத்தரிக்காயிலிருந்து கண்ணெடுக்காமல், "மெழுகா இருந்தா வாய் பேசாதுல்ல, நல்லதுதான்" என்கிறாள். என் வீட்டில் எனக்குள்ள ஆதரவு இவ்வளவுதான்.

மறுநாள் அந்த எஞ்சினியர் வந்தே விட்டாள். யெகானே என்று பெயர், யஜ்த் நகரத்துப் பெண், அருங்காட்சியகத்தை வரைந்தவளே அவள்தான். வந்ததும் எப்படி வந்தாள் தெரியுமா? நம் கதவில் ஆண்களுக்கு இரும்புத் தண்டு, பெண்களுக்கு வளையம் என்று இரண்டு தட்டுக்கருவிகள் இருக்கின்றனவே, அவள் இரண்டையும் ஒன்றாகத் தட்டினாள். உள்ளே நானும் ஓட, பரிச்செஹ்ரும் ஓட, வாசல் நடையின் எண்கோணக் கூடத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம். "மன்னிச்சுக்குங்க, ரெண்டும் என்ன சுருதின்னு கேட்டுப் பாத்தேன்" என்றாள் அந்தப் பெண். சுருதியாம்! ஆண் பங்கையும் பெண் பங்கையும் ஒரே தட்டில் கேட்டவள் என்றுதான் எனக்குப் பட்டது. அப்பா சொத்தில் ஆணான என் இரண்டு பங்கும் பெண்ணான உன் ஒரு பங்கும் கண்முன்னால் வந்து நின்றன.

ஆனால் அக்கா, என் புத்தியைத்தான் உனக்குத் தெரியுமே. சந்தேகம் வயிற்றில் இருக்கும், உபசாரம் நாக்கில் இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று கலந்துகொள்வதே இல்லை. அவள் தேநீர்க் கெண்டியைப் பார்த்து "என்ன அழகு" என்றாள். நான் "உங்களுக்கே காணிக்கை" என்றேன். அவள் முறைப்படி "ஐயோ வேண்டாம்" என்றாள், நான் திரும்பச் சொன்னேன், அவள் திரும்ப வேண்டாம் என்றாள், நான் இன்னொரு தரம் நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன், அவள் மூன்றாம் தரமும் வேண்டாம் என்றாள், கெண்டி தப்பியது. கம்பளமும் இப்படியே தப்பியது. நம் ஊர்ச் சட்டம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு வேண்டாமும் மரியாதைக்கு, மூன்றாவதுதான் வேண்டாம். மூன்றாவது தரம் ஒருவர் சரி என்றுவிட்டால் கொடுத்தவன் தலையில் மண். மணப்பெண்கூட முதல் இரண்டு தரம் சம்மதம் கேட்கையில் வாய் திறப்பதில்லை, சுற்றி நிற்கும் பெண்கள் 'பூப்பறிக்கப் போயிருக்கிறாள்' என்று சொல்வார்கள். உன்னைத் தவிர. நீ முதல் கேள்விக்கே "சரி, ஆகட்டும், சாப்பாடு ஆறுது" என்றவள். அதை இன்றைக்கும் நெஃமத் கடையில் பேசிக்கொள்கிறார்கள்.

கம்பளத்துக்கு அப்புறம் அவள் முற்றத்துக்கு நடுவே நின்று, காற்றுக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, கழுத்து வலிக்கும்வரை பார்த்து, "இந்த மாதிரி ஒரு வீடு..." என்று மூச்சுவிட்டாள். என் நாக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. "வீடே உங்களுதும்மா."

"ஐயோ, வேண்டாம் ஐயா."

"என் தலைமேல ஆணை, உங்களுதுதான்."

"வேண்டாம் ஐயா, நீங்க நூறு வருஷம் இதுல வாழணும்."

"என் பேச்சைத் தள்ளாதீங்க, எடுத்துக்குங்க."

அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அடித்தது. "இதோ வந்துட்டேன்" என்று அதற்குச் சொல்லிவிட்டு, எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மூன்றாவது வேண்டாம் வரவே இல்லை அக்கா! நம் தாத்தாவின் தாத்தா கட்டிய வீடு இப்போது காற்றில் தொங்குகிறது, இரண்டு வேண்டாமுக்கும் ஒரு கைபேசிக்கும் நடுவில்.

பரிச்செஹ்ர் இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்னங்க, மத்தவங்க வாயைத் திறந்தா கொட்டாவி வரும். உங்களுக்கு வீடு வருது."

"மரியாதைக்குச் சொன்னதுடி."

"அந்தம்மா மரியாதைக்கு எடுத்துக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

ஆகவே ஒரு யோசனை செய்தேன். போய் மறுபடி ஒரு தரம் கொடுத்துவிட்டால் அவள் விட்டுப்போன மூன்றாவது வேண்டாமைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? சத்திரத்துக்குள் அவள் போட்டிருந்த கூடாரத்துக்குப் போனேன். விதி பார், அங்கே நெஃமத் சோப்பு நுரையோடு மேஸ்திரிக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். நான் தொண்டையைச் செருமி, "அன்னைக்குப் பேச்சு பாதியில நின்னுபோச்சு. வீடு உங்களுதுதாம்மா" என்றேன். அவள் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, நீங்க இப்படிச் சொன்னதே எனக்குப் போதும். உங்க வீடு இல்லேன்னா என் வரைபடமே இல்ல." போதுமாம்! போதும் என்பது வேண்டாமா, வேண்டுமா? எந்த அகராதியில் தேடுவேன்? நெஃமத்தின் கத்தி மேஸ்திரியின் கன்னத்தில் அசையாமல் நின்றது. "அண்ணே, பெரிய மனசு" என்றான். சாயங்காலத்துக்குள் ரொட்டிக்கடை வரிசையில் நின்ற அத்தனை பேரும் எனக்குக் கைகொடுத்துவிட்டார்கள்.

சரி, மரியாதையால் போவதை மரியாதைக்கேட்டைக் கொண்டே தடுப்போம் என்று, வீட்டைக் கண்ணால் பார்க்கச் சகிக்காதபடி ஆக்கத் தொடங்கினேன். தொட்டி நிறையக் கடையில் விற்காத சிவப்பு, நீல வாளிகளை மிதக்கவிட்டேன். மாதுளை மரத்தில் கிழிந்த வலைத்துணி கட்டினேன். காற்றுக்கோபுரத்தின் மேற்கு வாயைத் தகரத்தால் அடைத்தேன். அதற்காக ஏணியில் ஏறியபோது என் கால்சட்டை கிழிந்ததை எதிர்வீட்டார் சாட்சியோடு சொல்வார்கள். யெகானே வந்து பார்த்தாள். அருவருப்பாள் என்று நான் காத்திருக்க, அவள் வாளிகளைச் சுற்றிச்சுற்றிப் படமெடுத்தாள். "இதுதான் ஐயா மக்கள் பண்பாடு! ஜனங்க இன்னைக்கு எப்படி வாழறாங்களோ அதான். தயவுசெஞ்சு இந்த வாளிய எடுத்துடாதீங்க." என்னால் கெடுக்கக்கூட முடியவில்லை அக்கா. நான் தும்மினால்கூட அதற்கு ஒரு விளக்கப் பலகை எழுதுவாள். தகரத்தை நிமிர்ந்து பார்த்ததும் மட்டும் அவள் முகம் செத்துவிட்டது. "யாரு அடைச்சது? காத்து எப்படி வரும்? உடனே கழட்டுங்க ஐயா!" பார்த்தாயா? கையில் வருவதற்கு முன்பே பராமரிப்பு! கட்டிக்கப்போகிறவன்தான் பெண்ணின் பல்லை எண்ணுவான்.

ஆகவே அக்கா, இந்தக் கடிதம் கண்டதும் பேருந்து ஏறு. சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு உன்னுடையது, அதிலும் வீட்டுக்கே முகமான ஐந்து கதவு அறை உன்னுடையது. ஒவ்வொரு நவ்ரூஸ் புத்தாண்டுக்கும் நீ வந்து தங்க அதைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் வைத்திருக்கிறேன், அதற்குள் ஈயைக்கூட விட்டதில்லை. இந்த ஊரில் பிறந்தும் உபசாரம் என்ற நோய் தொற்றாத ஒரே ஆள் நீதான். நீ வந்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக ஒரே ஒரு தரம் 'முடியாது' என்று சொன்னால் போதும், வீடு பிழைக்கும். நான் சொல்லிப் பார்த்தேன். 'முடி' என்பது வரை வருகிறது, பிறகு அது 'முடிந்ததெல்லாம் உங்களுதுதான்' என்று போய்விடுகிறது.

தங்கள் கரங்களை முத்தமிடுகிறேன். அத்தானின் முழங்காலுக்கு மறுபடியும் என் வணக்கம். பரிச்செஹ்ர் உனக்காக எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள். அதை இதுவரை யாருக்கும் நான் காணிக்கை சொல்லவில்லை.

தங்கள் அடியாரில் கடைசியான,
கொத்ரத்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் என் பெயரைத் தவிர எதையும் நம்பாதே. உறையை ஒட்டப் போகையில் வளையம் மட்டும் தட்டும் சத்தம் கேட்டது. யெகானே. தகரத்தைக் கழற்றச் சொல்லிக் கெஞ்ச வந்திருந்தாள். "அந்தச் சிவப்பு அம்பெல்லாம் ஜனங்க நடக்குற வழியில்ல ஐயா, காத்து வர்ற வழி. சத்திரத்து மேல வர்ற காத்துதான் உங்க கோபுரத்துக்குள்ள எறங்குது. நான் உசரமா கட்டினா உங்க வீடு வெந்துபோகும். அதுக்காகத்தான் உசரமான மண்டபத்த அந்தக் கடைசிக்குத் தள்ளிட்டு, உங்க பக்கம் பூராவையும் தரைக்குக் கீழ எறக்கிட்டேன். உங்க முற்றத்தப் பாக்குற மாதிரி ஒரு சன்னல்கூட வெக்கல. உங்க வீட்டுக்கும் மஞ்சள் அடிச்சது, அதுக்கு எடைஞ்சல் வரக்கூடாதுன்னு எனக்கே நான் வெச்ச அடையாளம்." அப்படியானால் அந்தத் தொப்பை மனிதன்? "மனுஷ உசரம் தெரியறதுக்கு ஒட்டினது. தொப்பை, பசை வழிஞ்சது ஐயா."

"அப்போ வீடு?" என்று கேட்டேன்.

"வீடா? வேண்டாம் ஐயா" என்றாள். ஒரே தரம். யோசிக்கக்கூட இல்லை.

முதலில் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிடம் கோபம் வந்தது. நான் காணிக்கை கொடுத்தது ஊருக்கே தெரியும், அவள் வேண்டாம் என்றது நாளைக்கு நெஃமத் கடைக்குப் போகும். நம் வீட்டுக் காற்று வேண்டும், வீடு வேண்டாமா? நம் பரம்பரை என்ன, விற்காத வாளியா? விடுவேனா? "வீடு வேண்டாம்னா போகட்டும், அந்த ஐந்து கதவு அறையவாவது உங்க காட்சிச் சாமானுக்கு எடுத்துக்குங்க" என்றேன். வேண்டாம் என்றாள். நெஞ்சில் கைவைத்தேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம், வேண்டாம் என்றாள். மூன்றாவது தரம் சொல்லும்போது அவள் கைபேசியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன் அக்கா. அது அடிக்கவில்லை.

"சரி ஐயா. உங்க மனசு நோகக்கூடாது."

உள்ளே பரிச்செஹ்ர் கையிலிருந்து தட்டு விழுந்த சத்தம் ஷிராஸில் உனக்கே கேட்டிருக்கும். சாவி இப்போது என் இடுப்பில் இல்லை.

அவசரமாகப் பேருந்து ஏற வேண்டாம். வழக்கம்போல நவ்ரூஸுக்கே வா. உன் அறை உனக்காகத் திறந்தே இருக்கும், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.