சாக்கடைக்கு ஒரு வரவேற்பு

நம் அரசாங்கம் ஒரு சாக்கடையை மதித்து, அதைப் பார்வையிட ஒரு குழுவை அமைத்து, ஜீப்பில் மலையேற்றி அனுப்பியது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஜவ்வாது மலையில் அது நடந்தது.

சடையன் அங்கே சாமை பயிரிடுகிறவர். புளி உலுக்கப் போன இடத்தில் காலில் ஏறிய முள்ளை அவர் பெரிதாக எண்ணவில்லை. கணுக்கால் வீங்கிய பிறகுதான் மலைமேல் இருந்த அரசு மருத்துவமனைக்கு வந்தார். இருந்த மாத்திரை, இருந்த ஊசி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கிருமி அசையவில்லை. தும்மினால் கூட மருந்துக்கடையில் ரெண்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் நம் எல்லோரிடமும் நன்றாகப் பயிற்சி பெற்ற கிருமி அது.

டாக்டர் கோகிலவாணி வேலைக்குப் புதியவர், ஆகையால் முயற்சி செய்தார். கிருமியைத் தின்கிற வைரஸ் என்று ஒன்று உண்டு. மனிதரை அது தொடாது. அழுக்குத் தண்ணீரில் தாராளமாகக் கிடைக்கும். சந்தைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். சடையனின் கிருமியையே தேடித் தின்கிற வைரஸ் அதில் இருந்தது! பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து புண்ணில் விட்டால் கால் பிழைக்கலாம். இல்லையேல் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான்.

அனுமதி கேட்டு அவர் மலையிறங்கினார். அனுமதி தரும் அதிகாரி ஜீவானந்தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வைரஸ் உயிருள்ளதா, இல்லாததா?"

"ரெண்டுக்கும் நடுவுல சார்."

"நடுவுக்கு நம்மகிட்ட பிரிவு இல்லையேம்மா. உயிர் இருந்தா கால்நடைத் துறை. இல்லன்னா கொள்முதல். மூணு இடத்துல விலைப்புள்ளி வாங்கணும்."

"சும்மா கெடைக்கிற சாக்கடை சார்."

"அப்போ இன்னும் ரெண்டு சாக்கடைங்க சும்மா தரோம்னு எழுதிக் குடுக்கட்டும்."

"நோயாளிக்குக் கால் அழுகுது சார்!"

"அழுகறதுக்கு அனுமதி தேவையில்லம்மா. ஆத்தறதுக்குத்தான் தேவை."

அனுமதி பெறாத உயிரை அரசுக் குளிர்பெட்டியில் தங்கவைக்கக் கூடாது என்று, இதற்கிடையில் ஆய்வகம் அந்த வைரஸைக் கொட்டிவிட்டது. கடைசியில் அனுமதி வந்தது. மாற்றுச் சிகிச்சைப் பரிசீலனைக் குழுவின் முன்னிலையில், அதே சாக்கடையில் மட்டும், புதிதாகத் தண்ணீர் எடுக்க வேண்டும்.

பெரியவர்கள் வரும் வழியில் பிளீச்சிங் பவுடர் தூவி வெள்ளைக் கோடு போடுவது தமிழ்நாட்டில் எழுதப்படாத சட்டம். அந்த ஊரில் கோடு போடுவது துப்புரவு வேலை பார்க்கும் பச்சையம்மா. சடையனின் மனைவி.

குழுவோடு ஜீப்பில் வந்து இறங்கிய கோகிலவாணிக்கு மூக்கைத் துளைக்கும் நெடி. சாக்கடை பளிங்காய் ஓடியது.

"யாரும்மா இப்படிப் பண்ணது?"

"நான்தாங்க டாக்டரம்மா. எப்பவும் ரோட்டுக்குத்தான் போடுவேன். இன்னிக்கி எங்க வூட்டுக்காரு காலுக்காவ வர்றாங்களே, நாத்தம் அட்ச்சா நல்லாவா இருக்கும்? மூட்டைய அப்படியே உள்ள கொட்டிட்டேன்."

பவுடர் வைரஸையும் கொன்றிருக்கும் என்று அந்த முகத்திடம் சொல்லாமல், டாக்டர் குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்.

தண்ணீரில் வைரஸ் இல்லை, கிருமியும் இல்லை. பக்கத்துச் சாக்கடைக்கு அனுமதி இல்லை. மாநிலத்துக்கே முன்மாதிரியான சாக்கடை என்று குழு அறிக்கை கொடுத்தது. சடையனின் காலை எடுத்தார்கள்.

தூய்மை விருது விழாவுக்கு அதே குழு வந்தது. அதே வெள்ளைக் கோடு. பச்சையம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சடையன் கை தட்டினார்.

பவுடர் நெடியில் குழுத் தலைவருக்கு இருமல். "எதுக்கும் ஒரு ஆன்டிபயாடிக் குடுங்க டாக்டர்" என்றார். அவருக்குப் பின்னால் ஜீவானந்தம் நின்றார். அவருக்குப் பின்னால் ஊரே நின்றது, இருமாதவர்களும்.

பொன்னாடையோடு பச்சையம்மாவும் வரிசையில் வந்து கை நீட்டினாள்.

"எங்க வூட்டுக்காருக்கும் ரெண்டு குடுங்க டாக்டரம்மா. இன்னொரு காலாவது நல்லா இருக்கட்டும்."